அக்காவைத் தண்ணீரில் இறக்கிய கதை

கடந்த ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. ஈப்போ, புந்தோங்கில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில்தான் எல்லாம் தொடங்கியது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறேன். மணி அடித்ததும் பாய்ந்து வருகிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அடுத்த மணி அடிப்பதற்குள் சாப்பாடு போட்டு அனுப்புகிறவள். அதனால் திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் அந்த நினைப்பைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள்.

என் அக்கா சிம்பாங் பூலாயில் இருக்கிறாள். அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையில் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கும்போது நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பொழுது போகாமல் ஒரு நாள் என் கைப்பேசியை வாங்கி ஏதேதோ பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு படத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பெரிய கட்டடம். கூரைக்குக் கீழேயே குளம் குளமாகத் தண்ணீர். ஒன்றில் ஆவி பறக்கிறது, இன்னொன்றில் அலை அடிக்கிறது, அந்தப் பக்கம் மூன்று மாடி உயரத்திலிருந்து சறுக்குக் குழாய்கள் வளைந்து இறங்குகின்றன.

"இதெல்லாம் முடியட்டும் பாப்பா. இந்தச் சுடுதண்ணிக்குள்ள கழுத்து வரைக்கும் போயி உக்காரணும்" என்றாள்.

அந்த மாதங்களில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை அதுதான். நான் அதை வேண்டுதலாகவே எடுத்துக்கொண்டேன். சிகிச்சை முடிந்தது. இனிப் பயமில்லை, வழக்கமான பரிசோதனைக்கு வந்தால் போதும் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் அக்கா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கல்யாணம், கோயில், காய்கறி வாங்கப் பாசார், எதற்கும் வரவில்லை. எங்கள் அண்ணன் மகள் சடங்குக்குக்கூட மொய்க் கவரை மட்டும் என்னிடம் கொடுத்து அனுப்பினாள். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பழகச் சொல்லியிருந்தார்கள், வராது என்று சொல்லி அதையும் செய்யவில்லை. நோய் போய்விட்டது, அவளோ அந்த அறைக்குள்ளேயே தங்கிவிட்டாள். இப்படியே விட்டால் திரும்பி வரவே மாட்டாளோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம்.

அதனால்தான் அந்தக் குளத்தைக் கையில் எடுத்தேன். முதலில் மருத்துவரிடம் கேட்டேன். ரொம்பச் சூடான குளம் வேண்டாம், வெதுவெதுப்பானதில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றார். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். நான், அக்கா, என் அண்ணி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள், நான்கே பேர். ஆனால் நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்தால் நாற்பது பேர் புனித யாத்திரை போகிறார்கள் என்று நினைப்பீர்கள். வேன் எத்தனை மணிக்கு, தைலம் யார் பையில், உலர்ந்த துண்டு யார் பையில் என்று எல்லாம் என் உத்தரவு. என் மகள் அதில் சேர்ந்த நாளே ஒலியை அடைத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து எங்கே கிளம்பினாலும் ஒரே மாதிரி டி-சட்டை அடிக்காமல் கிளம்ப மாட்டோம். குடும்ப தினமா, தைப்பூசமா, கேமரன் மலையா, முதலில் சட்டை அடித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. நானும் அடித்தேன். நல்ல தடித்த பருத்தித் துணி, கத்தரிப்பூ நிறம், முதுகில் ‘புந்தோங் மீன்கள்’ என்று தமிழில் எழுத்து. அக்காவுக்கு மட்டும் இரண்டு அளவு பெரியதாகச் சொல்லி வைத்தேன். அந்தத் தொளதொள சட்டையைப் பார்த்த பிறகுதான் அவள் சரி என்றாள். "இதோடயே தண்ணில இறங்கலாம்தானே?" என்று இரண்டு தடவை கேட்டாள். தாராளமாக இறங்கலாம் என்று அடித்துச் சொன்னேன். யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று நீங்கள் கேட்காதீர்கள்.

நுழைவுச் சீட்டு எடுக்க உட்கார்ந்த மகள்தான் விதிமுறைகளைப் படித்தாள். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதற்கே நான் குதித்தேன். நான் புளிச்சாதமும் சம்பல் முட்டையும் என்று முடிவு பண்ணியாகிவிட்டதே! வண்டி நிறுத்தும் இடத்திலேயே சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம் என்று மகள் சமாதானம் சொன்னாள். அதற்கு அடுத்த வரிதான் இடியாக இறங்கியது. நீச்சல் துணியில் தைத்த உடுப்பு மட்டுமே தண்ணீரில் அனுமதி. பருத்தி கூடாது, டி-சட்டை கூடாது, சேலை, கைலி, சுடிதார் எதுவும் கூடாது.

குழுவில் அதை மகள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அக்காவிடமிருந்து பதில் வந்தது. "நீங்க போயிட்டு வாங்க." அதற்குக் கீழே, அவள் குழுவிலிருந்து விலகிவிட்டதாக ஒரு வரி.

நான் விடுவேனா? மறுநாளே சிம்பாங் பூலாய்க்கு வண்டியை விட்டேன். வழியெல்லாம் பேச வேண்டியதை அடுக்கிக்கொண்டே போனேன். யார் உன்னைப் பார்க்கப் போகிறார்கள், எல்லோரும் அவரவர் பாட்டில் இருப்பார்கள், இந்த மாதிரி. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த நீச்சல் பாஜு ஒடம்போட ஒட்டும் பாப்பா. ஒரு பக்கம் இருக்கும், ஒரு பக்கம் இருக்காது. வீட்டுல கண்ணாடியையே நான் துணி போட்டு மூடி வச்சிருக்கேன். அங்க வந்து அத்தன பேரு முன்னால எப்படி நிப்பேன்?"

உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள அவளே ஒரு பஞ்சுத் திண்டு தைத்து வைத்திருந்தாள். அது தண்ணீரில் நனைந்தால் ஊறிக் கனத்து நழுவிவிடும் என்றாள். இதையெல்லாம் அவள் எத்தனை நாளாக யோசித்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு மீதி வெங்காயத்தை உரித்தேன்.

திரும்பும் வழியில் புந்தோங்கிலேயே ஒரு துணிக்கடையில் இறங்கினேன். நடத்துகிறவர் ஒரு தமிழ் முஸ்லிம் பெண்மணி. வயதில் எனக்குக் கொஞ்சம் மூத்தவர். அக்கா என்ற பொருளில் நாங்கள் எல்லோரும் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். தீபாவளிக்கு எனக்குக் கடனாகவே துணி கொடுக்கிற அளவுக்குப் பழக்கம். நீச்சல் துணியில் பெரிய அளவில், தொளதொளவென்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். முகத்தைப் பார்த்தவர் என்னம்மா விஷயம் என்று கேட்டார். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கடையின் பின்பக்கம் போய், கொக்கியால் ஓர் உடுப்பை இறக்கிக்கொண்டு வந்தார். முஸ்லிம் பெண்கள் தண்ணீரில் இறங்கும்போது போடுவது. முழங்கால் வரை விரிந்து இறங்கும் மேலுடுப்பு, கணுக்கால் வரை கால்சட்டை, தலைக்கு ஒட்டினாற்போல ஒரு மூடுதுணி, அதிலிருந்து மார்பின் மேல் விழுகிற மாதிரி ஒரு மடிப்பு. அத்தனையும் அசல் நீச்சல் துணி. எந்தக் குளத்திலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கடற்கரையிலும் குளத்திலும் இதை எத்தனையோ பேர் போட்டுப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு காலமாகக் கண்ணெதிரே இருந்தது என் புத்திக்கு எட்டவில்லை.

"நாங்க போடலாமா லாத்தா?" என்று தயங்கிக் கேட்டேன்.

"ஏன் போடக் கூடாது? போன வாரம் ஒரு சீன அம்மா, வெயில் படாம நீந்தணும்னு ரெண்டு வாங்கிட்டுப் போச்சு. ஒங்கக்கா அளவு என்ன, அதச் சொல்லு" என்றார்.

அளவு எனக்குத் தெரியவில்லை. அவர் நான்கைந்து உடுப்புகளைப் பையில் திணித்தார், கடைப் பெண்ணிடம் கல்லாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், என் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒரே நாளில் இரண்டாவது தடவையாக நான் சிம்பாங் பூலாய் போனேன்.

அக்கா முதலில் முகம் கொடுக்கவில்லை. லாத்தா கெஞ்சவும் இல்லை, தைரியம் சொல்லவும் இல்லை. பையை அவள் கையில் கொடுத்து, போட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் மடித்துக் கொடுத்துவிடு என்று மட்டும் சொன்னார். அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் இருவரும் கூடத்தில் தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு உள்ளே ஏதோ துணி இழுபடும் ஓசை. கதவு திறந்தபோது அக்கா கருநீல உடுப்பில் நின்றாள். முளைத்தும் முளைக்காத முடி மூடுதுணிக்குள் மறைந்திருந்தது. மார்பின் மேல் விழுந்த மடிப்பில் எந்தப் பக்கம் என்ன என்று யாருக்கும் தெரியாது. அவளுக்குப் பின்னால் கண்ணாடி. அதை மூடியிருந்த துணி கட்டில்மேல் கிடந்தது.

"நான் மட்டும் இப்படி வந்தா ஒரு மாதிரி இருக்கும்லா" என்றாள்.

நாங்கள் எல்லோருமே இதைத்தான் போடப் போகிறோம், அண்ணிக்கும் வாங்கியாகிவிட்டது என்று அந்த நிமிடமே ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். லாத்தா என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்துடன் சொன்னார்:

"நான் இத்தன வருசமா இத விக்கிறேன். ஒரு நாளும் போட்டு எறங்கினதில்ல. வேன்ல எடம் இருக்குமா?"

அன்று சாயங்காலம் குழுவில் அக்கா திரும்பச் சேர்ந்தாள். லாத்தாவும் சேர்ந்தார். என் பொய்யை உண்மையாக்க அண்ணியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு என்று நினைத்தேன். அண்ணிக்கோ ஒரே சந்தோஷம். நீச்சல் உடுப்பில் தொடை தெரியுமே என்று தான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்ததாக அப்போதுதான் வாயைத் திறந்தார்.

விடியற்காலையில் வேன் கிளம்பியது. வேனில் எல்லோரும் ‘புந்தோங் மீன்கள்’ சட்டை, லாத்தாவுக்கும் அவசரமாக ஒன்று அடித்திருந்தேன். அடித்த சட்டையை வீணாக்குவோமா? அந்தக் குளக் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் புளிச்சாதத்தைப் பிரித்தோம். லாத்தா கொண்டுவந்த கறிவடை அதைவிட வேகமாகத் தீர்ந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், அவர் படித்தால் மகிழ்வார். உள்ளே உடை மாற்றிக்கொண்டு ஐந்து பேரும் கருநீலத்தில் வரிசையாக வந்தோம். வாயிலில் நின்ற மலாய்ப் பெண் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஸலாம் சொன்னாள். நெற்றியில் பெரிய பொட்டோடு அண்ணிதான் முந்திக்கொண்டு கம்பீரமாகப் பதில் ஸலாம் சொன்னார். அந்தப் பெண் பொட்டைப் பார்த்துச் சிரித்தாள், அண்ணியும் சிரித்தார்.

குளத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அக்கா நின்றாள். இவ்வளவு தூரம் வந்து திரும்பிவிடுவாளோ? அவள் திரும்பி உடை மாற்றும் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் உடுப்புக்குள் கைவிட்டு அந்தப் பஞ்சுத் திண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இத பேக்ல வையி. தண்ணிக்குள்ள எனக்கு எதுக்கு இது" என்றாள்.

படியில் ஒவ்வொரு காலாக இறங்கினாள். இடுப்பு, மார்பு, தோள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்து வரை உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மருத்துவமனையில் சொன்னது போலவே, கழுத்து வரை. நான் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து குலுங்கி அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் சூடு அதிகமோ என்று நினைத்திருப்பார்கள். லாத்தா என் முதுகைத் தட்டிக்கொண்டே, தாமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

கதை அதோடு முடியவில்லை. நாங்கள் பாகான் செராய் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். வயல் வாய்க்காலில் குதித்து நீந்தத் தெரிந்த பெண் எங்கள் லயத்து வீடுகளில் அக்கா ஒருத்திதான். நான் கரையில் துணியைக் காவல் காத்தவள். அது எனக்கு மறந்துபோயிருந்தது, அவளுக்கு மறக்கவில்லை. அடுத்த குளத்தில் மெதுவாக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நீந்திப் போய், எழுந்து, அந்தப் பெரிய சறுக்குக் குழாயைக் காட்டினாள்.

"அதுல போலாம் வா."

நான் போட்ட திட்டத்தில் அது இல்லை. மேலே ஏறியதும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். விடவே இல்லை. எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா என்னைத் தாண்டிப் போய்க் குழாயில் உட்கார்ந்தாள், போய்விட்டாள். உள்ளேயிருந்து அவள் கூவுவது கேட்டது. அது பயத்தில் வந்த சத்தம் இல்லை.

எட்டிப் பார்த்தேன். கீழே தண்ணீருக்குள்ளிருந்து கருநீலத் தலை ஒன்று எழுந்தது. மேலே அண்ணாந்து என்னைத் தேடியது. பிறகு அவள் வலது கையைத் தூக்கினாள். தோளுக்கு மேலே வராது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த அதே கை. தலைக்கு மேலே நேராகத் தூக்கி, வாடி வாடி என்று ஆட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். எப்படி இறங்கினேன், என்ன கத்தினேன் என்பதை என் மகள் கைப்பேசியில் பிடித்து வைத்திருக்கிறாள். அது வெளியே வராமல் இருக்க அவளுக்கு நான் அடிக்கடி பிரியாணி செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அக்கா ‘புந்தோங் மீன்கள்’ சட்டையைப் போட்டுக்கொண்டு பாசாருக்குப் போகிறாள். கல்யாணங்களில் முதல் வரிசையில் உட்காருகிறாள். அடுத்த பயணத்துக்குப் பெண்கள் அதிகம், பெரிய வேனாகப் பார் என்று எனக்கே உத்தரவு போடுகிறாள். வண்டி, சாப்பாடு, சட்டை என்று எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். வரமாட்டேன் என்கிறவள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து ஏன் என்று கேட்பதுதான் முதல் வேலை என்பதை, தண்ணீரிலிருந்து உயர்ந்த அந்தக் கை எனக்கு இன்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.