வெட்டாத அட்டைகள்

நாகாவோகா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சலவைக்கடையில் இசோபே கயோகோவுக்கு இருபத்தொரு வருட சர்வீஸ். கோட்டைக் கவுண்டரில் விரித்தால் போதும், உடையவர் வாயைத் திறப்பதற்குள் எது சோயா சாஸ், எது மது, எது பனிக்காலத்தில் பனியைக் கரைக்கச் சாலையில் பீய்ச்சுகிற நிலத்தடி நீரின் துருக்கறை என்று சொல்லிவிடுவாள். கறையைப் பார்த்த கண்ணால் ஆளைப் பார்க்க மாட்டாள். ஊரில் பாதிப்பேர் அவளிடம்தான் துணி போடுவார்கள், காரணம் இதுதான்.

இதே கயோகோவின் வீட்டு மாடியைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி பேசுவார்கள். ஆறு பாய் விரிக்கும் அறை. அதில் இன்று ஒரு பாய் விரிக்கவும் இடமில்லை. தரையிலிருந்து கூரை வரை மங்கா என்கிற படக்கதைப் புத்தகங்கள். வாராவாரம் வியாழக்கிழமை வருகிற பத்திரிகையை, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே, ஒரு இதழ் விடாமல் சேர்த்துவருகிறாள். தொலைபேசிப் புத்தகம் கனத்துக்கு ஒவ்வொன்றும். மாடித் தரை நடுவில் தொய்ந்துபோய் ரொம்ப நாளாகிறது.

"என் சாவு லாரியில இல்லடி. சாப்டுக்கிட்டே இருப்பேன், உன் புத்தகம் கூரையப் பொத்துக்கிட்டு என் தலையில விழும்," என்பார் கணவர் யோஷிஹரு. அரிசி பிஸ்கட் தொழிற்சாலையில் லாரி ஓட்டுபவர்.

"அப்படி விழுந்தா புத்தகத்தோட மூல மடங்கிடும். பாத்து நகந்து உக்காருங்க," என்பாள் இவள்.

வாங்குவதிலேயே ஒரு முறை உண்டு. கடைகளில் நின்றபடியே ஓசியில் படித்துவிட்டுப் போகிற கூட்டம் ஒன்று இருக்கிறதே, அது கை வைப்பது அடுக்கின் மேல் பிரதிகளில். அதனால் இவள் கீழிருந்து மூன்றாவதை உருவுவாள். கை கழுவித் துடைத்த பிறகுதான் திறப்பாள். முதுகு மடிந்துவிடுமென்று பாதிக்கு மேல் விரிக்க மாட்டாள். இடுக்கில் எட்டிப் பார்ப்பவள் மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படிப்பாள். கழுத்து வலிக்குத் தைலம் தனியாக வாங்கிவைத்திருந்தாள்.

ஒவ்வொரு இதழின் நடுவிலும் ஒரு கெட்டி அட்டை இருக்கும். இந்த வாரம் பிடித்த மூன்று கதைகளின் எண்ணையும், ஏன் பிடித்தது என்பதையும் எழுதி, வெட்டி எடுத்துத் தபாலில் போடவேண்டும். அடுத்த இதழ் வருவதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு. அட்டை நிறைய வந்தால் கதை முன்பக்கம் ஏறும். வராவிட்டால் பின்னால் இறங்கும். இறங்கிக்கொண்டே போனால் ஒருநாள் நிறுத்திவிடுவார்கள். இது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

அந்த அட்டையை கயோகோ வெட்டியதே இல்லை. வெட்டலாமா? அட்டை இல்லாத பிரதி, சேகரிப்பவர் கண்ணுக்கு ஊனப்பட்ட பிரதி. பழைய புத்தகக் கடைக்காரர்கள் பட்டியல் போடும்போதே 'அட்டை உண்டு' என்று எழுதிவைப்பார்கள். மனிதர்களுக்கு நாள் நட்சத்திரம் பார்ப்பதுபோல் இவர்கள் இதைப் பார்ப்பார்கள்.

இவர்கள் என்றால், மாதத்தில் ஒரு ஞாயிறு ஹோஷினாவின் புத்தகக் கடைப் பின்னறையில் கூடுகிற ஐந்து பேர். கடைக்காரர் ஹோஷினா, தபால்காரர் உசாமி, கணக்கு வாத்தியார் மினோபே, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் இளம்பெண் இகுமி, அப்புறம் கயோகோ. மங்கா பற்றிப் பேச உட்கார்ந்தார்களென்றால் தேநீர் ஆறிக் கசந்துபோகும்.

தொண்ணூற்றாறாம் வருடம் ஏப்ரலில் அந்தப் பத்திரிகையில் புதிதாக ஒரு தொடர் ஆரம்பித்தது. எழுதி வரைந்தவர் பெயர் மொகுசா ரின். ஆணா பெண்ணா, வயது என்ன, ஒன்றும் தெரியாது. கதையில் சண்டையில்லை, வாளில்லை. கடற்கரையிலிருந்து மலைநாட்டுக்கு முதுகில் உப்பு சுமக்கிற நடுவயதுப் பெண் ஒருத்தி. நடப்பாள், இறக்கிவைப்பாள், மறுபடி நடப்பாள். வழியில் சந்திப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசுவாள். பையன்கள் படிக்கிற பத்திரிகையில் இதை எப்படித்தான் போட்டார்களோ!

முதல் ஐந்து வாரம் கயோகோவும் சும்மாதான் படித்துவந்தாள். ஆறாவது வாரம், அந்தப் பெண் மழையில் நனைந்து வந்து திண்டாடுகிற இடம். மூட்டையிலிருந்து கசிந்த உப்புநீர் அவள் உடையின் விளிம்பில் இறங்கிக் காய்ந்திருக்கிறது. காய்ந்த இடத்தில் நடுப்பகுதி தெளிவாகவும், ஓரத்தில் மட்டும் வளைந்து வளைந்து ஒரு வெள்ளைக்கோடாகவும் வரைந்திருந்தார் மொகுசா ரின். கயோகோ அந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. உப்புத்தண்ணீர் அப்படித்தான் காயும். நடுவில் தங்காது, ஓரத்தில்தான் ஒதுங்கும். அதைத் தெரிந்துகொள்ள அவளுக்குச் சலவைக்கடையில் வருடங்கள் பிடித்தன. தான் பார்ப்பதுபோலவே துணியைப் பார்க்கிற இன்னொரு மனிதர் இந்த உலகத்தில் இருக்கிறார் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. நெஞ்சு நிறைந்துபோயிற்று. கணவரிடம் சொல்லப் போய், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சோறு பரிமாறிவிட்டு வந்தாள்.

அந்தக் கதைக்குத்தான் ஆபத்து வந்தது. எட்டாவது வாரம் இதழில் ஒன்பதாவதாக வந்தது. பன்னிரண்டாவது வாரம் பதினான்காவது. பதினைந்தாவது வாரம், மொத்தம் இருபது கதைகளில் பத்தொன்பதாவது இடம். கயோகோ வியாழன் காலைகளில் பொருளடக்கத்தை அடியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

அந்த ஜூலை ஞாயிறு ஐந்து பேர் முகமும் தொங்கிப்போயிருந்தது.

"முடிஞ்சுதுங்க. இன்னும் நாலஞ்சு வாரம், அவ்வளவுதான்," என்றார் உசாமி.

"பசங்களுக்கு ரசனையே செத்துப்போச்சு," என்றார் மினோபே. "யாராவது யாரையாவது அடிச்சாத்தான் அட்டை போடுவானுங்க. என் கிளாஸ்லயும் பாக்கறனே. நல்ல கதைய ஆதரிக்கணுங்கற பொறுப்பு ஒருத்தனுக்கும் கெடையாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். இகுமி மட்டும் ஆர்வமாகக் கேட்டாள்.

"கயோகோ அக்கா, நீங்க அட்டையில காரணம்னு என்ன எழுதறீங்க? நீங்க எழுதினா நல்லா இருக்குமே."

"நானா?" கயோகோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் போடறதில்லையே. வெட்டினா இதழ் வீணாயிடும்ல. நீ போடறயா?"

"இல்லக்கா. நீங்கள்லாம் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். உசாமி அண்ணே?"

"நான் ஒரு நாளைக்கு நானூறு வீட்டுக்குத் தபால் கொண்டுபோய்ப் போடறவன்மா."

"அதக் கேக்கல. அட்டை போட்டீங்களா?"

உசாமி கூரையைப் பார்த்தார். "இல்ல."

"வாத்தியாரே?"

மினோபே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கவே இல்லை.

ஹோஷினா அலமாரியைத் திறந்து தன் சொந்தப் பிரதிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். எல்லாவற்றிலும் அட்டை சிரித்துக்கொண்டிருந்தது. "வாசகர் அட்டைய மறக்காம அனுப்புங்கன்னு கடையில நோட்டீஸ் ஒட்டியிருக்கேன், தெரியுமா?" என்றார். "அடப்பாவிகளா! நாம அஞ்சு பேரும் சேந்து அந்தக் கதையோட கழுத்த நெரிச்சிருக்கோம்."

"அஞ்சு அட்டையில என்ன ஆயிடப்போவுது?" என்றார் உசாமி, சமாதானத்துக்கு.

"அஞ்சுன்னு ஏன் நெனைக்கறீங்க?" கணக்கு வாத்தியார் மெல்லச் சொன்னார். "இந்தக் கதையப் பிடிச்சவன் எல்லாம் நம்மள மாதிரி ஆளாத்தான் இருப்பான். ஒவ்வொரு ஊர்லயும் அஞ்சு பேரு, அட்டைய வெட்டாம பத்திரமா வச்சுக்கிட்டு, பசங்களத் திட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பான்."



கயோகோ வீட்டுக்கு வந்ததும் சலவைக்கடைக் கத்தரிக்கோலை எடுத்தாள். பதினைந்தாவது வாரத்து அட்டைக்கு இன்னும் நாளிருந்தது. புள்ளிக்கோட்டில் வைத்த கத்தரி நகர மறுத்தது. எத்தனையோ பேருடைய பட்டுக் கிமோனோவில் தயக்கமில்லாமல் நூல் பிரித்த கை அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வெட்டு. இதழின் நடுவில் விழுந்த ஓட்டையைப் பார்க்கப் பிடிக்காமல் மூடிவிட்டாள். 'பிடித்த கதை' என்ற மூன்று கட்டங்களில் முதலாவதில் பத்தொன்பது என்று எழுதினாள். மற்ற இரண்டுக்கும் ஒப்புக்கு ஏதோ இரண்டு. 'ஏன்?' என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டாள்.

அதற்கடுத்த வாரங்களிலும் ஐந்து பேரும் விடாமல் போட்டார்கள். ஆனால் பத்திரிகை ஆபீஸில் முடிவு முன்பே எடுத்தாயிற்று. இருபதாவது வாரம் அந்தப் பெண் மலைமேல் போய்ச் சேராமலேயே, ஒரு கணவாயில் நின்று கீழே பார்ப்பதோடு கதையை முடித்துவிட்டார்கள்.

இதழின் கடைசிப் பக்கத்தில் வரைகிறவர்கள் ஆளுக்கு ஒருவரி எழுதுவது வழக்கம். மொகுசா ரின் வழக்கமாகத் தன் பூனையைப் பற்றி எழுதுவார். அன்றைக்கு இப்படி இருந்தது: 'இருபது வாரம். படித்தவர் யாராவது இருந்தால், நன்றி.'

யாராவது இருந்தால். கயோகோ கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த ஒருவரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கதை போனதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்து வரைந்த மனிதர், ஒருவருமே பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பேனாவைக் கழுவி வைத்திருக்கிறார். அந்த நினைப்பைக் கொடுத்தது யார்? கை கழுவிவிட்டுத் தொடுகிற இவள்தான்.

அன்று சாயங்காலம், அட்டை வெட்டாமல் விட்ட முதல் பதினான்கு இதழ்களையும் மாடியிலிருந்து இறக்கிச் சாப்பாட்டு மேஜையில் அடுக்கி, அட்டைகளை வெட்ட ஆரம்பித்தாள். யோஷிஹரு சூப்பை ஓரமாக நகர்த்திக்கொண்டார்.

"இதெல்லாம் பழசாச்சே. இனி செல்லாதுல்ல?"

"செல்லாது."

"அப்புறம் எதுக்கு வெட்டற?"

"சொல்லாம இருந்துட்டேங்க," என்றாள். "இருபத்தாறு வருஷமா படிக்கறேன். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

அவர் சூப்புக் கிண்ணத்தை எடுத்துவைத்தார். மேஜையைத் துடைத்து, வெட்டிய அட்டைகளை வார வரிசையில் அடுக்கிக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு இதழாகத் திறந்தாள். முதல்முறையாக முழுக்க விரித்தாள். முதுகுகள் ஒவ்வொன்றாக முறிந்தன. ஒவ்வொரு அட்டையின் 'ஏன்?' கட்டத்திலும் அந்த வாரத்துக்கு என்ன தோன்றியதோ அதை எழுதினாள். ஆறாவது அட்டையில்: 'உப்புநீர் காய்ந்த விளிம்பைச் சரியாக வரைந்திருக்கிறீர்கள். நான் சலவைக்கடையில் வேலை செய்கிறேன். நடுவில் தங்காமல் ஓரத்தில்தான் வெள்ளை படியும்.' இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள்.

மறுநாள் மற்ற நால்வரையும் அதேபோல் வெட்டி எழுதச் சொன்னாள். "பதினாலு பிரதியும் குப்பையாயிடுமேம்மா," என்று உசாமி ஒரு முழுநாள் புலம்பினார். அடுத்த நாள் ஐந்து பொட்டலங்களையும் அவர்தான் தன் கையாலேயே முத்திரை குத்திப் பத்திரிகை ஆபீஸுக்கு அனுப்பினார்.

பதில் வரவில்லை. கயோகோ எதிர்பார்க்கவும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டாள். ஆனால் சலவைக்கடைக்கு வருகிற தபாலைத் தினமும் முதலில் எடுத்தது அவள்தான்.

பனி விழுந்து, சாலையெல்லாம் துருச்சிவப்பாகிவிட்ட டிசம்பரில் அந்தத் தொடரின் கடைசித் தொகுப்பு புத்தகமாக வந்தது. ஹோஷினா கடையில் நின்றபடியே கயோகோ கடைசிப் பக்கத்துக்குப் போனாள். மொகுசா ரின் எழுதியிருந்தார்:

'தொடர் நின்ற பிறகு நாகாவோகாவிலிருந்து ஐந்து பொட்டலம் வந்தது. எழுபது அட்டை, எல்லாமே தேதி முடிந்தவை. கணக்கில் சேராது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கத்தவேண்டும் போலிருந்தது. ஒரு வாரம் தொடவே இல்லை. அப்புறம் எல்லாவற்றையும் படித்தேன். சலவைக்கடைக்காரருக்கு: அந்த விளிம்பை வரைவதற்காக மூன்று நாள் துணியை உப்புநீரில் நனைத்து நனைத்துக் காயவைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.'

கயோகோ கடை நடுவில் நின்று அழுதாள். சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. அந்த ஆத்திரம் நியாயமானது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு பத்திரிகையில் மொகுசா ரின்னின் புதிய தொடர் ஆரம்பித்தது. முதல் இதழ் வந்த காலை, ஹோஷினா கடையில் கயோகோ அடுக்கின் மேலிருந்த பிரதியையே எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள். அங்கேயே சாய்ந்து நின்று கதையைப் படித்து முடித்தாள்.

"அண்ணே, கத்தரி குடுங்க."

"இங்கயேவா?" என்றார் ஹோஷினா. "வீட்டுல போய் நிதானமா வெட்டலாமே."

"வேணாம்ணே. வீட்டுக்குப் போனா மனசு மாறிடும்."