சாமி டைல்ஸ்

தாராவியில் எங்கள் ஏழு மாடிக் கட்டடத்துக்கு நான்தான் செக்ரட்டரி. கடவுள் நம்பிக்கை இல்லாதவன். எதிர்வீட்டுச் செல்லக்கனியோடு இதைப் பற்றி ஓயாத வாக்குவாதம்.

"சாமி பயம் இல்லன்னா மனுசன் ஒழுங்கா இருப்பானா அண்ணாச்சி?" என்பார்.

"இருப்பான். நீ மனுசன நம்பு தாயி" என்பேன்.

படிக்கட்டுச் சுவரெல்லாம் பான் எச்சில். நோட்டீஸ் ஒட்டினேன், நோட்டீஸ் மேலேயே துப்பினார்கள். கடைசியில் பம்பாயில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். மாடிக்கு மாடி பிள்ளையார், மெக்கா, மாதா படம் போட்ட டைல்ஸ் பதித்தேன். எச்சில் சட்டென்று நின்றது. பெருமையாகச் செல்லக்கனியை அழைத்துக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "மனுசன நம்புதேன்னு சொன்னீய. இப்ப எஞ்சாமிய எச்சிலுக்கு வாட்ச்மேனா நிறுத்திட்டீயளே. அப்ப நீங்க யாரத்தான் நம்புதீய அண்ணாச்சி?"

இத்தனை வருட வாதத்தில் நான் தோற்றது அன்றுதான். தோற்கடித்ததும் நானேதான்.

எங்கள் மாடியில் மட்டும் டைல்ஸைப் பெயர்த்துவிட்டு வெள்ளையடித்தேன். எச்சில் டைல்ஸுக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு, அடியோடு நிற்கவில்லை. தினமும் காலையில் செல்லக்கனி விளக்கேற்றும் நேரத்தில், நான் ஈரத்துணியோடு அந்தச் சுவரைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.