கறிவேப்பிலை கேட்டு வந்தவர்கள்

காலை பத்தே முக்காலுக்கு அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். கையில் கொக்கி தைக்காத ஒரு ரவிக்கை. கொக்கி வாங்க வந்ததாகச் சொல்லலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். கேட்டில் பூட்டு தொங்கியது.

எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி, தெருவே அக்கா என்று கூப்பிடுபவரின் வீடு அது. அவர் வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். அக்கா எங்கள் தெருவிலுள்ள பெண்களிடம் பணம் வாங்கி, வட்டி சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவந்தார். முந்தின நாள் மாலையிலிருந்து அவருடைய போன் அணைந்திருந்தது.

வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பெண்கள் ரகசியமாகச் சேர்க்கும் காசை எங்கள் ராசிபுரம் பக்கத்தில் சிறுவாடு என்போம். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் லாரித் தவணைக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் கைமாற்றுக் கேட்பார்கள். அதனால் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நான் பி.காம். படித்தவள். பற்று வரவு எழுதிப் பரீட்சை தேறியவள். இருந்தும் ரவிக்கை தைத்த காசை மாதாமாதம் அக்காவிடம் கொடுத்துவிட்டு ரசீது கேட்காமல் வந்தேன். ரசீது இருந்தால் வீட்டில் யார் கண்ணிலாவது படுமே.

அந்தக் காசு மகளுக்கு. சேலத்தில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. முதலாண்டு முடித்திருந்தாள். ஒரு டிகிரி போதும் என்று அவள் அப்பா சொன்ன பிறகும், பணம் என் பொறுப்பு என்று சேர்த்துவிட்டேன். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு அந்த வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

நான் நிற்கும்போதே எதிர்வீட்டுப் பெண் ஒரு குழம்புச் சட்டியோடு வந்தாள். “ஏனுங்க்கா, ஊடு பூட்டிக் கெடக்குதுங்களா? சட்டியக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க.” சட்டி கழுவாமல் அடுப்பிலிருந்து எடுத்தது போல இருந்தது. அடுத்து மூலை வீட்டு அம்மா.

“கருவேப்பிலை ரெண்டு கொத்து கேக்கலாம்னு வந்தேன்.”

“உங்க ஊட்டுலதான் மரமே நிக்குதுங்களே!” என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

“அது பூச்சியடிச்சுப் போச்சு சாமி. நீ வேற.”

இன்னும் சிலர் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் வந்ததற்கு ஒரு சாக்கு. “போனும் சுவிட்ச் ஆஃப்” என்று யாரோ சொன்னபோது, அதை அப்போதுதான் கேட்பவளைப் போல ஒருத்திகூட முகம் வைக்கவில்லை. எல்லோரும் அழைத்துப் பார்த்திருக்கிறோம்.

போன வருடம் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டம் நினைவுக்கு வந்தது. பணத்தை எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லித்தர ஒரு வங்கிப் பெண் வந்திருந்தார். “உங்க பேர்ல தனியாச் சேமிப்பு இருக்கிறவங்க கை தூக்குங்க” என்றார். ஒரு கையும் எழவில்லை. “எங்க ஊட்டுக்காரரு குடுத்தாத்தானுங்க சேக்கறதுக்கு!” என்று மூலை வீட்டு அம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அன்று எங்களுக்கு டீ ஊற்றியது அந்த அக்காதான். எந்தெந்தக் கை எழுந்திருக்க வேண்டும் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

“போலீசுக்குப் போலாங்களா?” என்று மெல்லக் கேட்டேன்.

“என்னன்னு எழுதிக் குடுக்கறது? கருவேப்பிலை காணோம்னா?” என்றார் மூலை வீட்டு அம்மா. சிரிக்கத்தான் ஆரம்பித்தார், பாதியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். புகார் எழுதினால் தொகையைச் சொல்ல வேண்டும். தொகையைச் சொன்னால் வீட்டுக்குத் தெரியும். ஆளுக்கொரு பக்கம் கலைந்தோம்.

வீட்டுக்கு வந்து மகளை அழைத்தேன். “கட்டணத்துக்கு வெச்சிருந்தது போச்சு சாமி” என்றேன். அந்த அக்காவிடம் கொடுத்ததையும் சொன்னேன். அவள் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. “நான் ஊட்டுக்கு வாரேன்” என்றாள்.

லாரிக்கு லோடு இல்லாததால் அன்று என் வீட்டுக்காரர் வீட்டிலேயே இருந்தார். என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டார். தலைவலி என்றேன். வெங்காயம் நறுக்கினேன். தைத்த துணியைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

பொழுது சாயும் நேரம் மகள் வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள், டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். யாருக்கும் சொல்லாமல் சேர்த்துவை என்று அவளுக்கும் சொல்லி வளர்த்தவள் நான்.

“அப்பா, நீங்களும் கேளுங்க” என்றாள். “ம்மா, டியூஷன் எடுத்த காச நானும் அந்தக்காகிட்டத்தான் குடுத்து வெச்சிருந்தேன். எனக்கும் போச்சு. இந்த வருசம் காலேஜ் போனாப் போகுது. எவ்வளவுன்னு மொதல்ல நான் சொல்றேன். அப்பறம் நீ சொல்லு, சத்தமாச் சொல்லு.”