நாச்சிமுத்து வெட்டி எடுத்த பேச்சு

பரமத்தி வேலூரில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த நாச்சிமுத்துவை வானொலிக்காரர்கள் பகுதிநேர ஆளாகச் சேர்த்துக்கொண்டது எழுபத்தாறில். வெற்றிலை, வாழை, கரும்பு என்று விவசாயிகளைப் பேசவைத்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். யாரிடம் மைக்கை நீட்டினாலும், பேசச் சம்மதமா என்று கேட்காமல் பொத்தானை அமுக்க மாட்டார். தன் வீட்டுச் சோற்றுக்கே சம்மதம் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார் என்று மனைவி சௌந்திரம் கேலி செய்வாள்.

எண்பத்து மூன்றில் கிராமத்துக் குற்றங்களைப் பற்றி ஒரு தொடர் செய்ய நிலையத்தில் முடிவாயிற்று. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பெருமாயி என்பவளின் புருஷன் வெட்டுப்பட்டுச் செத்திருந்தார். பங்காளி கருப்பண்ணன் மேல் வழக்கு, சேலம் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கொலையைப் பற்றி ஊராரிடம் பதிவு செய்து வரச் சொன்னார் நிகழ்ச்சி அதிகாரி பாலசுந்தரம். தீர்ப்பு வரும்வரை யாரையும் கொலைகாரன் என்று சொல்லக்கூடாது, பெயரே வரக்கூடாது என்பது நிலையத்து விதி.

நாச்சிமுத்து முதலில் கருப்பண்ணன் வீட்டுக்குத்தான் போனார். அவன் மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள். மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவன் அப்பன் மட்டும் பேசினார்.

“எம் பையனுக்கு ஊரே தீர்ப்பு எழுதிப்போட்டுதுங்க. எங்க பேச்சையும் கேக்கோணும்னு வந்தது நீங்க ஒருத்தருதான்.”

பிறகு போன வீட்டில் பெருமாயி அழுதபடியே நெடுநேரம் பேசினாள். நடுவில் அவளுடைய பத்து வயது மகள் வந்து உட்கார்ந்து, அப்பன் வெட்டுப்பட்டபோது தான் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். கேட்க முடியவில்லை அவருக்கு. பதிவு முடிந்ததும், வழக்கம்போல முழுவதையும் போட்டுக் காட்டினார். எதையாவது வெட்டி எடுத்துவிட வேண்டுமா என்று பெருமாயியிடம் கேட்டார். அவள் அழுத இடத்தைத்தான் எடுக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

“நா அழுதது இருந்துட்டுப் போகுதுங்க, அது எம்பட அழுகை. புள்ள பேசுனத மட்டும் எடுத்துப்போடுங்க சாமி. அது நாளைக்குப் பள்ளிக்கூடம் போகோணும்.”

எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

நிலையத்தில் பாலசுந்தரம் நாடா முழுவதையும் கேட்டார். குழந்தை பேசியதைத் திருப்பித் திருப்பிப் போட்டார். நிகழ்ச்சிக்கு உயிரே அதுதான், பெயர் வராததால் விதிக்கும் பழுதில்லை என்றார். அவர் சொன்னது பொய்யில்லை என்று நாச்சிமுத்துவுக்கும் தெரியும். அதுவரை அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை.

“அந்தம்மாகிட்ட எடுத்தர்றேன்னு சொல்லிப்போட்டனுங்க. பேரு சொல்லாட்டியும் அந்தப் புள்ளையோட கொரல் ஊருக்குத் தெரியுமுங்க.”

பாலசுந்தரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு நாடா வெட்டும் பிளேடை எடுத்து நாச்சிமுத்துவிடமே நீட்டி, வெட்டின இடத்தில் எதை வைப்பது என்று மட்டும் கேட்டார். நாச்சிமுத்து ஊருக்குத் திரும்பி, மடையில் தண்ணீர் விழும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தார்.

ஒலிபரப்பான மறுநாள் டீக்கடையில் யாருக்கும் திருப்தியில்லை. எவன் வெட்டினான் என்றுகூடச் சொல்லவில்லை, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கவா ரேடியோவைப் போட்டோம் என்று அவர் காதுபடவே பேசினார்கள். நாச்சிமுத்து டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். பின்னால் கோர்ட்டில் கருப்பண்ணனுக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. அப்போதே சொல்லியிருக்கலாமே என்று சிலர் குத்திக் காட்டினார்கள். அவனுடைய அப்பன் மட்டும், சந்தையில் கண்டால் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்.

அடுத்த முறை கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியபோது பெருமாயி இளங்கொழுந்து வெற்றிலையில் ஒரு கவுளிக் கட்டு கொடுத்தனுப்பினாள். நாச்சிமுத்து சங்கடப்பட்டார். பதிவு செய்த ஆட்களிடம் எதுவும் வாங்கக்கூடாது, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றார். சௌந்திரத்தின் வாய் ஏற்கெனவே சிவந்திருந்தது.

“என்னைய ஆரும் பதிவு பண்ணலீங்களே,” என்றபடி அவள் இன்னொரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள்.