ஆவி படிந்த பின்கண்ணாடி

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். பால்காரர் எதிரிலேயே பாலில் விரல் விட்டுப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டி நாலு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ஐந்தாவது முறையும் இழுப்பேன். இந்தக் குணத்தோடு ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கினேன். அதுவும் மனைவியின் தம்பியிடமிருந்து.

மைத்துனனுக்குத் துறையூரில் மாட்டுத் தீவனக் கடை. அவன் பெரிய வண்டிக்கு மாறியபோது இந்தச் சின்ன வண்டியை எனக்குக் கொடுத்தான். நான் எடமலைப்பட்டி புதூரில் இருந்துகொண்டு ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபங்களுக்கு வாழை இலையும் பூவும் கொடுத்து வருகிறேன். உப்பிலியபுரம் பக்கத்துத் தோட்டங்களுக்கு வாரத்தில் மூன்று நாலு தடவை போய்வர வேண்டும்.

"நம்ம வண்டி மாமா. கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்று சாவியைக் கையில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்ன ஆளை நான் அப்போதே ஒரு மாதிரியாகத்தான் பார்த்தேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் தொல்லை ஆரம்பித்தது. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்து வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். துணியால் துடைத்தால் இரண்டு நிமிடம் தெரியும், மறுபடி மூடிக்கொள்ளும். முன்கண்ணாடிக்கு வைப்பர் உண்டு, கீழிருந்து ஊதுகிற காற்றும் உண்டு. பின்கண்ணாடியைக் கேட்க நாதியில்லை. பக்கத்துக் கண்ணாடிகளோ மழைத்துளி அப்பிக் கிடக்கும்.

வண்டி ஸ்டாண்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தேன். ஷாம்பு தேய்த்தேன். ஷேவிங் க்ரீம் தடவித் துடைத்ததில் அரை நாள் தாங்கியது. வண்டிக்குள் ஒரு வாரம் சலூன் வாசனை அடித்ததுதான் மிச்சம்.

ஒரு முகூர்த்த நாள் காலை, ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மண்டப வாசலுக்கு ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் ஒன்றும் தெரியவில்லை. யாரோ வண்டியின் பக்கவாட்டில் ஓங்கி அடித்தார்கள். இறங்கிப் பார்த்தால், என் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் அம்மாள் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். இன்னும் ஒரு சாண் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பயம் அடங்கியதும் சந்தேகம் கிளம்பியது. ஊரில் அத்தனை வண்டிகள் ஓடுகின்றன. இந்த வண்டிக்கு மட்டும் ஏன் இப்படி மூடிக்கொள்கிறது? உள்ளே எங்கேயோ தண்ணீர் ஊறிக் கிடக்கிறது. அப்படியென்றால் இது வெள்ளத்தில் மூழ்கின வண்டி. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. மூலையில் வண்டல் மண். மூக்கை வைத்தால் குளத்து வாடை. எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் கால்மிதி நினைவுக்கு வந்தது. பழைய வண்டிக்குப் புதுக் கால்மிதி போட்டுக் கொடுத்திருந்தான். எதை மறைக்க?

மறுநாள் நேரே துறையூர் போய்விட்டேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். மைத்துனன் புண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, மறைக்காம சொல்லு. இது வெள்ளத்துல நின்ன வண்டிதானே?"

"என்ன மாமா சொல்றீங்க?"

"அப்ப புதுசா கால்மிதி எதுக்குப் போட்டுக் குடுத்த?"

"அக்கா ஏறுற வண்டியாச்சேன்னு போட்டேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன், கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

அவன் முகம் கறுத்துவிட்டது. வாசல் வரை வந்து, "வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க மாமா, நான் வேற பார்த்துத் தரேன். அக்காகிட்ட மட்டும் இதச் சொல்லாதீங்க" என்றான். நான் வண்டியை விடவில்லை. விட்டால் மறுநாள் இலைக்கு எதில் போவது? மனைவியிடம் சொல்லாமலும் இல்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் நான் எடுத்த படங்களைப் பார்க்கவே இல்லை.

"எந்தம்பி ஏமாத்துனான்னு நீங்க சொல்ற வண்டியில நான் ஏற மாட்டேன். நாலு பேர் முன்னாடி அவன அப்படிப் பேசிட்டு வந்திருக்கீங்க. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் வீட்டுக்குப் போவேன்?"

சொன்னபடியே இருந்தாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தம்பி வீட்டுக்குப் போய் வருகிறவள், அந்தத் தீபாவளிக்கும் போகவில்லை. அவன் போன் செய்தால் "நல்லா இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாள். சனிக்கிழமைகளில் ஏற்கெனவே துவைத்த போர்வையை எடுத்து மறுபடி துவைத்தாள். பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் குற்றவாளி துறையூரில் இருக்க, நான் எதற்கு இறங்கிப்போக வேண்டும் என்று வீம்பாக இருந்தேன். அவன் கடையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தை நேரே வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள். தோட்டத்தில் தண்ணீர் நின்றதால் இலையும் இல்லை, பூவும் இல்லை. உப்பிலியபுரத்திலிருந்து காலி வண்டியோடு திரும்பினேன். கொட்டுகிற மழை. பின்கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது. சந்தேகமாகப் போய்விட்டது. துடைத்துப் பார்த்தேன், துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. இன்றைக்கு வண்டியில் என்ன குறைகிறது என்று யோசித்தபோது சாமிப் பூ நினைவுக்கு வந்தது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர், நான் பூக் கொடுக்க ஆரம்பித்த முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார், "பெருமாளுக்குச் சாத்தற புஷ்பம், துளசியெல்லாம் இலைக்கட்டோட போட்டுண்டு வராதேள்" என்று. அதனால் சாமிப் பூவை மட்டும் வாடாமல் இருக்கத் தோட்டத்துக் குளத்தில் நனைத்த சாக்கில் சுற்றி, சீட்டுக்குப் பின்னால், கண்ணாடியை ஒட்டி வைத்துக் கொண்டுவருவேன்.

துறையூருக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். சும்மா கிடந்த சாக்கைக் குழாயில் நனைத்துச் சீட்டுக்குப் பின்னால் வைத்து, கதவுகளைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கண்ணாடி வெள்ளை. துருவும் வண்டலும் குளத்து வாடையும் அந்தச் சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீரால் வந்தவைதான். மைத்துனனுக்கு எதிரான சாட்சிகளை எல்லாம் நானே நனைத்து, நானே ஏற்றி வைத்திருக்கிறேன். இவ்வளவு அவமானமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

சாக்கைப் பின்னால் லோடு பக்கம் எறிந்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். மைத்துனன் கடை வந்தது. நிற்கத் துணிச்சல் வரவில்லை. போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று தாண்டிவிட்டேன். கொஞ்ச தூரம் போய்ப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தால், அவன் கடையை விட்டு இறங்கி, ரோட்டோரம் மழையில் நின்று, என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். வண்டி புகை தள்ளுகிறதா என்று பார்க்கிறானா? பிரேக் போட்டு, ரிவர்ஸிலேயே அவன் பக்கத்தில் வந்து நிறுத்தினேன்.

"என்ன மாப்ள பாக்குற?"

"ஒண்ணுமில்ல மாமா." குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "அக்கா வரலையா?"

"வரல."

"இன்னைக்குத்தான் வண்டிக்குள்ள தெரியுது. எப்பவும் வெள்ளையா மூடியிருக்கும். நீங்க போறப்பல்லாம் இறங்கி வந்து பார்ப்பேன். அக்கா உள்ள உக்காந்திருக்கு, கடையப் பார்த்தும் இறங்காமப் போகுதுன்னு நெனச்சுக்குவேன்."

இறங்கி அவன் கையைப் பிடித்தேன். "அவ இந்த வண்டியில ஏறவே இல்ல மாப்ள. உன்ன நான் அப்படிப் பேசிட்டேன்னு, அன்னையிலேருந்து ஒரு நாள்கூட ஏறல. தப்பெல்லாம் என்னோடது." சாக்கைப் பற்றி, பூவைப் பற்றி, துருவைப் பற்றி என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனேன். அவன் எதையும் காதில் வாங்கவில்லை.

"ஏறவே இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு முகத்தை வழித்துத் துடைத்துக்கொண்டு, "அப்ப அக்கா என்னப் பார்க்காமப் போகல" என்றான்.