இல்லை என்று எழுதப்பட்ட இரண்டு பதக்கங்கள்

புன்னை நிழலில் வீற்றிருப்பவனே, மயிலாகி உன்னைப் பூசித்த அம்மையை இடப்பாகத்தில் வைத்தவனே, என் நாவில் ஏறியிருக்கும் கசப்பை நீயே பொறுத்தருள வேண்டும். அறுபது ஆண்டுகளாக உன் பதிகங்களைப் பாடிய நாக்கு இது. இன்று பாடுவதற்கு முன் கொஞ்சம் ஏச விரும்புகிறது. ஏசி முடித்ததும் உன் சந்நிதிக்கே திரும்பும்.

இன்று தைப்பூசம். நிறைமதி நாள். குளத்தில் தெப்பம் மிதக்க, மாடவீதியில் கால் வைக்க இடமில்லை. இத்தகைய நன்னாளில் நல்லதை எழுத வேண்டும் என்பார்கள். நான் ஒரு கட்டத்தைப் பற்றி எழுதப் போகிறேன். அரசாங்கத் தாளில், 'பதக்கங்கள்' என்ற தலைப்பின் கீழ், கட்டைவிரல் அகலத்தில் உள்ள ஒரு கட்டம்.

என் தமையனார் பதினெட்டு வயதில் படையில் சேர்ந்தவர். துப்பாக்கி பிடித்தவர் அல்லர், கரண்டி பிடித்தவர். கிழக்கெல்லையில் போர் மூண்டபோது, பின்னால் சமைத்து முன்னால் பதுங்குகுழிகளுக்குச் சோற்று அண்டாவைச் சுமந்து போவது அவர் பணி. அப்படிப் போன ஒரு காலைப்பொழுதில் குண்டின் இரும்புச் சில்லு ஒன்று இடது முழங்கையில் பாய்ந்தது. அந்தக் கை இன்றுவரை முழுதாக மடங்காது. போரில் பணியாற்றியதற்கு ஒன்று, காயம்பட்டதற்கு ஒன்று என இரண்டு பதக்கங்கள் உண்டு என்று, படைப்பணி முடிந்தபோது தந்த விடுவிப்புப் புத்தகத்தில் தட்டச்சிட்டுக் கொடுத்தார்கள். பதக்கங்கள் பின்னர் வரும் என்றார்கள். வரவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டுப் பெறுவது பிச்சை என்பது அவர் கொள்கை. நாங்கள் இருவரும் மனைவியரை இழந்தபின் மயிலாப்பூரில் ஒரே வீட்டில் வசிக்கிறோம்.

சென்ற ஆண்டு அவர் பெயருக்கு ஒரு கணினித் தாள் வந்தது. ஓய்வூதியர் விவரங்களைச் சரிபார்க்கும் தாள். போர்ப்பணி: இல்லை. காயம்: இல்லை. பதக்கங்கள்: இல்லை. மூன்று முறை 'இல்லை' என்று சொல்லும் கடவுள் மறுப்பாளர்கூட இடையில் ஒரு முறை மூச்சு வாங்குவார், கணினி வாங்கவில்லை.

அண்ணன் படித்தார், மடித்தார், வைத்துவிட்டார். மூன்றாம் நாள் காலை விபூதி இட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திக் கேட்டார்:

"ஏன்டா தம்பி, நான் நெஜமாவே அங்க போனேனா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அவருக்கு மறதி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பால் வாங்கியதை மறந்து மறுபடி வாங்குவார். அடுத்த தெருவில் நின்று வீட்டுக்கு வழி கேட்பார். அடையாற்று மருத்துவர், இது கூடுமேயன்றிக் குறையாது என்று சொல்லியிருந்தார். மற்றவை எல்லாம் உதிர்ந்தாலும் உதிராமல் நின்றது அந்தப் போர் ஒன்றே. இப்போது ஒரு காகிதம் வந்து அதையும் அசைத்துவிட்டது. அவர் முற்றும் மறப்பதற்குள் அந்தத் தாளைத் திருத்தியாக வேண்டும்.

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் ஒரு ஞானி. எல்லாவற்றுக்கும் விடை வைத்திருப்பவர்.

"எதுக்கு சார் இவ்ளோ அலைச்சல்? மெடல் எல்லாம் கடையிலயே விக்கிறான். வாங்கிக் குத்திண்டு சுதந்திர தினத்துக்குக் கொடியேத்த வந்துடச் சொல்லுங்கோ. யாரு கிட்ட வந்து பாக்கப் போறா?"

கோயிலுக்குப் போக நேரமில்லாதவன் சாமி படத்தைக் கைப்பேசியில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் காலம். அவரை நொந்து பயனில்லை. ஆனால் அண்ணன் அமைதியாகப் பதில் சொன்னார்.

"கடையில வாங்குனதைக் குத்திக்கிட்டா, நாளைக்கு எனக்கே எது நெஜம்னு தெரியாம போயிடும் சார்."

நந்தனத்துக்கு அப்பால் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம், அப்பெயரைச் சொன்ன வாயைக் கழுவ வேண்டியிருக்கும். மின்விசிறி சுற்றும், காற்று வராது. 'பொறுமை கடலினும் பெரிது' என்று எழுதிய பலகைக்குக் கீழே நாற்காலி இல்லை. அங்கே எழுத்தர் ஒருவர், வாயில் பாக்கு, கண்ணில் அலட்சியம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, குக்குன்னு போட்டுக்கீது. சமையக்காரருக்கு இன்னாத்துக்கு வார் மெடலு?"

"சோறு தின்னாமல் யாரும் போர் செய்ததாக நான் படித்ததில்லை."

"அது சரி. காயம்னு வேற சொல்றீங்க. கொதிக்கிற சாம்பார் கவுந்துச்சா?"

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார். மடைப்பள்ளியில் அடுப்பூதுகிறவனுக்கும் கருவறையில் தீபம் காட்டுகிறவனுக்கும் இறைவன் ஒரே படி அருளை அளக்கிறான் என்று பாடிப் பாடித் தேய்ந்த எனக்கு, அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரு படிவம் கேட்டேன். அது தீர்ந்துவிட்டது என்றார். அடுத்த வாரம் வந்தேன். படிவம் இருந்தது, அவர் இல்லை. அதற்கடுத்த வாரம் படிவமும் இருந்தது, அவரும் இருந்தார்.

"ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கு எங்க? கொண்டாந்தா பாக்கலாம். சும்மா வந்து சண்ட போட்டுக்கினே இருந்தா எப்படி?"

மறுநாள் பூசையறையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு போனேன். வெற்றியோடு போனேன் என்றே சொல்ல வேண்டும். மேசையில் வைத்து, அவர் கர்வம் அடங்கும் நொடிக்காகக் காத்து நின்றேன்.

அவர் துணியை விலக்கினார். புத்தகத்தைத் திறந்தார். மேசையில் பொடி உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"சாமி, இது இன்னா, பொஸ்தகமா பிரசாதமா?"

'பதக்கங்கள்' என்ற கட்டத்தின் மேல், அரையங்குலத்துக்குக் காய்ந்து கெட்டிப்பட்டுப் பாளம் பாளமாக வெடித்திருந்தது சந்தனம். அதன் நடுவே குங்குமம். ஆண்டுதோறும் சரஸ்வதி பூசையில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துப் பொட்டிட்டவன் நான். வீட்டிலுள்ள ஏடுகள் எல்லாவற்றுக்கும் அட்டையில் பொட்டு. அண்ணனின் புத்தகத்துக்கு மட்டும் உள்ளே. பெருமை பதிந்த பக்கமல்லவா, அதற்குத்தானே மங்கலம்! "எழுத்து மேல வைக்காதடா" என்று அண்ணன் ஒரு முறை சொன்னார். இறைவனின் சந்தனம் எதையும் கெடுக்காது என்று நான் அவருக்கு உபதேசம் செய்தேன்.

எழுத்தர் கணினியைத் தட்டி ஒரு படத்தைக் காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன், வடக்கே உள்ள பதிவேட்டு அலுவலகத்தில் பழைய கோப்புகள் செல்லரித்துப்போனதால், வீரர்களிடமிருந்தே நகல் கேட்டு வாங்கிக் கணினியில் ஏற்றினார்களாம். அண்ணனின் நகலை எடுத்து அஞ்சலில் சேர்த்தவனும் நானே. போர்ப்பணி, காயம், பதக்கம் மூன்றும் பதிந்திருந்த அந்த ஒரே கட்டத்தில் கருப்பாக ஒரு வட்டம். வேறொன்றுமில்லை.

"இத்த பாத்தா எவன் இன்னான்னு டைப் பண்ணுவான்? நீங்களே சொல்லுங்க."

இத்தனை வாரங்களாக அவரையும் அந்த மின்விசிறியையும் மனத்துக்குள் தூற்றிவந்த நான், என் அண்ணனுடைய போரை என் மோதிர விரலால் ஆண்டுக்கு ஒரு முறை அழித்துவந்திருக்கிறேன். மூடன் என்ற சொல் போதாது. பக்தியோடு மூடன் என்று சொன்னால் ஒருவாறு பொருந்தும்.

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைக்கப் போனேன். எழுத்தர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ் யோவ், தண்ணி படக் கூடாது! இருக்கற மையும் பூடும். கம்முனு நில்லுங்க."

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தைத் திருப்பினார். அதன் முதுகில் எழுத்து எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காலத்துத் தட்டச்சு எந்திரம் அழுத்திக் குத்தியதில் எழுத்துகள் பின்புறம் புடைத்திருந்தன. கைப்பேசி விளக்கைத் தாளோடு தாளாகச் சாய்த்துப் பிடித்தார். இரண்டு வரிகள் நிழலாக எழுந்து நின்றன. வலமிருந்து இடமாக ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார், ஒரு தாளில் எழுதினார், படமெடுத்தார், அதிகாரியிடம் எழுந்து போய்க் கையெழுத்து வாங்கிவந்தார்.

"ரெண்டு மெடலு. கையில காயம். கரெக்டா?"

"சரி."

"சாம்பார் இல்ல போல," என்றார், முகத்தைப் பார்க்காமல். அது மன்னிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரைப் புகழ எனக்கு இன்னமும் மனமில்லை. முதல் நாளே அந்தப் புத்தகத்தைக் கேட்டிருக்கலாம். நானும் முதல் நாளே கொண்டுபோயிருக்கலாம்.

விண்ணப்பம் வடக்கே போயிற்று. அண்ணன் நாள்தோறும் மாலையில் "கடுதாசி வந்துதா?" என்று கேட்பார். ஆனி போய் ஆடி வந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் அவர் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அந்த மௌனத்தில் நான் பாடிய பதிகங்களில் பண் நிற்கவில்லை.

நேற்று வந்தது. பதிவு அஞ்சலில் ஒரு சிறு பெட்டியும் திருத்திய தாளும். அண்ணன் நாற்காலியில் அமர்ந்து, மடங்காத கையில் தாளை நீட்டிப் பிடித்துப் படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்திருந்தேன். வெகுநேரம் படித்தார். பெட்டியைத் திறக்கவில்லை.

"தம்பி, இவங்க எந்த ஊர் முட்டாளுங்கடா?"

"ஏன் அண்ணே?"

"வலது முழங்கைன்னு போட்டிருக்கான். வலது கைல கரண்டி இருந்துது. இடது பக்கம் வரப்பு, பனி, அண்டாவோட ஒரு காது சூடா இருக்கும், அதுக்குக் கோணி சுத்தியிருந்தேன். இடது கைலதான் பட்டுது. சோறு ஒரு பருக்கை சிந்தலை. எழுது, இன்னொரு மனு எழுது!"

கோணியைப் பற்றி அவர் அதுவரை எனக்குச் சொன்னதே இல்லை. நான் பேனாவைத் தேடி எழுந்தேன். பூசையறைப் பக்கம் என் கால் திரும்பியதைப் பார்த்துவிட்டார்.

"பெட்டி கிட்ட சந்தனக் கிண்ணத்தோட வந்தே, கொன்னுடுவேன்."

மனு எழுதியாயிற்று; நாளை நந்தனம் போக வேண்டும். அந்த எழுத்தர் என்ன சொல்வார் என்று இப்போதே கேட்கிறது. இதைப் படிப்போர் அனைவரும் நோயின்றி வாழ்க. உங்கள் மூத்தோர் தாம் நடந்த வழியை மறவாதிருக்க. உங்கள் ஏடுகளில் எழுத்தும் உங்கள் நெற்றியில் சந்தனமும் தத்தம் இடத்தில் நிலைக்க, மயிலைப் பெருமான் அருள்க.