பெருக்கமரத்துக்குக் கட்டிய மஞ்சள் துணி

பேச்சியம்மாள் பொய் சொன்னால் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. உண்மை சொல்லும்போதுதான் அவருக்கு நாக்குக் குழறும். எதிர்வீட்டுக்காரன் என்கிற முறையில் இதை நான் நன்றாக அறிவேன். எங்கள் தெருவுக்கு ஓர் அம்மன் வந்து சேர்ந்ததும் அந்த முகத்தால்தான்.

நான் மயிலாப்பூரில் பிறந்தவன். மாடவீதி நெரிசல் ஒத்துக்கொள்ளாமல், ஓய்வு பெற்ற கையோடு பாலவாக்கத்தில் வீடு வாங்கிக்கொண்டு வந்தேன். கடல் காற்று வரும் என்றார்கள். வந்தது. கூடவே பேச்சியம்மாள் வீட்டை ஒட்டித் தெரு மூலையில் நிற்கும் மரத்து வௌவால்களும் வந்தன. யாரோ தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டிவிட்டு மேலே நாலு கிளையைச் செருகி வைத்த மாதிரி ஒரு மரம். தெருவில் அதற்குக் குண்டு மரம் என்று பெயர். ஆனைப்புளி என்பாரும் உண்டு. பேச்சியம்மாள் மட்டும் பெருக்கமரம் என்பார். அவர் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரர். அங்கே இது தெரிந்த மரமாம்.

அவருடைய கணவர் ஜவஹர், தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப்புடவைப் பிரிவில் நின்றே காலத்தை ஓட்டியவர். நின்று நின்று முழங்கால் போய்விட்டது. வீட்டில் துவைத்த துண்டைக்கூட இன்றைக்கும் முந்தானை தெரிகிற மாதிரித்தான் மடிப்பார். அவர் வேலையை விட்டதும் பேச்சியம்மாள், மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் போகிற சந்தில் ஒரு பெட்டிக்கடையைப் பிடித்தார். எலுமிச்சை சர்பத் விற்பவர்கள் அங்கே ஏற்கெனவே வரிசையாக இருந்தார்கள். எனவே பேச்சியம்மாள் பெருக்கம்பழ சர்பத் போட்டார்.

மாசி வெயில் ஏறும்போது பழம் முற்றும். நீளக் காம்பில் சுரைக்காய் அளவில் தொங்கும். தொட்டால் எலியின் முதுகைத் தடவியது போலிருக்கும். பேச்சியம்மாள் மொட்டைமாடியில் நின்று தொரட்டியால் காம்பை முறுக்குவார். கீழே விரித்த ஜமுக்காளத்தில் பழம் தொப்பென்று விழும். அரிவாளின் பின்பக்கத்தால் தட்டினால் ஓடு உடைந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டிகள் இருக்கும், நடுநடுவே விதையும் நாரும். ஊறவைத்துப் பிசைந்து, வடிகட்டி, கருப்பட்டியும் சுக்கும் ஒரு கல் உப்பும் சேர்ப்பார். ரங்கநாதன் தெருவில் பை தூக்கிச் சண்டை போட்டுக்கொண்டே வரும் தம்பதிகள் ஒரு மடக்குக் குடித்ததும் சமாதானமாகிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். கொழுந்து இலையைக் கீரையாகக் கடைந்து எங்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார். "வெண்டைக்காயாட்டம் வழவழன்னு இருக்கு, ஆனா நன்னாருக்கு" என்று என் மனைவி ஜலஜா இரண்டாம் தடவை போட்டுக்கொள்வாள்.

பழத்து மாவைத் தகர டின்னில் போட்டு வைத்தால் வருஷம் முழுக்கக் கெடாது. அந்த ஒரு மரத்தை நம்பித்தான் கடை. கடையை நம்பித்தான் இரண்டு பேரும்.

ஒரு புரட்டாசியில் மழைநீர் வடிகால் தோண்ட ஆட்கள் வந்தார்கள். ஒப்பந்தக்காரர் நூல் பிடித்துப் பார்த்தார். நூல் நேராக மரத்தின் வயிற்றில் போய் முட்டியது. மரத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, நாளைக்கு மெஷின் வரும் என்று சொல்லிப் போனார். பேச்சியம்மாள் கெஞ்சினார், திட்டினார், சர்பத்தும் கொடுத்தார். சர்பத்தை மட்டும் வாங்கிக் குடித்தார்கள்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் நான் பால் வாங்கக் கதவைத் திறந்தேன். பேச்சியம்மாள் மரத்தடியில் குனிந்திருந்தார். சிவப்புக் குறியை மறைத்து மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி. அடியில் மஞ்சள் பூசிய மூன்று கல், அதன்மேல் குங்குமம், சொருகிய வேப்பிலை. பூசை முடிந்து ஒரு தலைமுறை ஆனது போலத் தேங்காய் மூடிகூட ஒன்று ஓரமாய்க் கிடந்தது.

"என்ன பண்றேள் பேச்சியம்மா?" என்றேன்.

"நீங்க எதையும் பாக்கலை சார். பால் வாங்கப் போங்க" என்றார்.

தெருமுனையில் ஓர் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. இருவரும் அவரவர் வழியில் நழுவினோம்.

எங்கள் ஊரில் சுவரில் சாமி படம் ஒட்டினால் போதும், அசிங்கம் பண்ண வருகிறவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவான். ஒப்பந்தக்காரர் மட்டும் விலக்கா? மெஷினோடு வந்தவர் செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், நூலை எதிர்ப்பக்கம் திருப்பினார். என் வீட்டு வாசல் சரிவும் ஜலஜா வளர்த்த செம்பருத்தியும் போயின. பேச்சியம்மாள் அன்றைக்கு எங்களுக்கு ஒரு பெரிய தூக்கு நிறையச் சர்பத் அனுப்பினார். நான் கோபித்துக்கொண்டே குடித்தேன்.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் ஆட்டோ ஓட்டும் ஆனந்தகுமாரின் மனைவிக்குக் கார்த்திகையில் பிரசவம் சிக்கலாயிற்று. ஆஸ்பத்திரியில் கையை விரிக்கும் நிலை. அவன் நேரே வந்து மரத்தடியில் விழுந்து வேண்டிக்கொண்டான். தாயும் பெண் குழந்தையும் நல்லபடியாக வீடு வந்தார்கள். குழந்தைக்குக் கீர்த்தி என்று பெயர் வைத்து மரத்தடியில்தான் முதலில் கிடத்தினான். அதோடு பெருக்கத்தம்மனின் கீர்த்தியும் பரவிவிட்டது. நீலாங்கரையிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

பூக்கட்டி விற்கும் புஷ்பம் தலைமையில் விழாக்குழு ஒன்று முளைத்தது. தையில் மரத்தைச் சுற்றி, தண்டோடு ஒட்டி, சிமெண்ட் மேடை எழும்பியது. அதன்மேல் குளியலறை டைல்ஸ். தினமும் குடம் குடமாய் மஞ்சள் தண்ணீர், பால், செவ்வாய் வெள்ளி எண்ணெய். அத்தனையும் மேடைக்கும் தண்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் இறங்கின. மணி மாட்ட ஆணி அடித்தார்கள். ஸ்பீக்கர் குழாய் ஒன்றை என் படுக்கையறைக்கு நேராகக் கட்டினார்கள். மாசியில் பேச்சியம்மாள் தொரட்டியோடு மாடி ஏறியபோது கீழே புஷ்பம் நின்றிருந்தாள்.

"ஆத்தா பழத்தப் புழிஞ்சு விக்கப் போறியா? நல்லா கீதே ஞாயம்" என்றாள்.

பக்கத்தில் ஆனந்தகுமார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பழங்களை எல்லாம் குழுவே பறித்துச் சாக்கில் கட்டி வைத்தது. திருஷ்டிக்கு ஆட்டோக்களிலும் கடைகளிலும் தொங்கவிட்டார்கள். மாம்பலம் சந்தில் பேச்சியம்மாள் எல்லோரையும் போல எலுமிச்சை பிழிந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை அவரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

வைகாசியில் அவர் சிரிக்கவில்லை.

பெருக்கமரம் பனியில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாய் நிற்கும். வைகாசி பிறந்தால் ஐந்து விரல் விரித்த மாதிரிக் கொழுந்து வந்துவிடும். அந்த வருஷம் வரவில்லை. ஆனியிலும் வரவில்லை. அம்மன் தவத்தில் இருப்பதாகப் புஷ்பம் சொன்னாள். பேச்சியம்மாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தெருப்பக்கத்துப் பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இருந்தது. மேடைக்குள் எண்ணெய் இறங்கும் பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

"தண்ணி நின்னா இதுக்கு ஆகாது சார். வேரு அழுகுது. வெட்ட வந்தவங்கிட்டருந்து காப்பாத்தி நானே கொன்னுட்டேன்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். ஜவஹரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"புஷ்பம் என்னைய உரிச்சுத் தொங்கவிடும். அது கெடக்கட்டும் சார். அந்த ஆனந்தகுமாரு வெள்ளிக்கு வெள்ளி பச்சப்புள்ளையத் தூக்கிட்டு வந்து நிக்கிறான். அவங்கிட்டப் போயி, தம்பி, நீ கும்பிட்டது என் பழைய சேலைக் கிழிசல்னு எந்த வாயால சொல்ல?"

இப்படி ஓர் இக்கட்டில் யோசனை சொல்லும் அளவுக்கு நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை.

ஆடி வெள்ளி, கூழ் ஊற்றும் நாள். தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். பம்பையும் உடுக்கையும் அடித்த அடியில் என் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. சண்டை போடலாம் என்று இறங்கி வந்தேன். ஜலஜா கையைப் பிடித்து நிறுத்தினாள். கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பேச்சியம்மாளின் கொண்டை அவிழ்ந்தது. உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. அப்புறம் ஒரு குரல் வந்தது. அது பேச்சியம்மாளின் குரல் இல்லை என்று நானே ஒரு கணம் நம்பினேன்.

கூட்டம் விலகியது. ஆனந்தகுமார்தான் முன்னால் வந்து கற்பூரத்தை ஏந்தினான்.

"இன்னா கொற தாயே, சொல்லு" என்றான்.

"எங்கால சிமெண்ட்டுல பூட்டிட்டு என்ன கொறைன்னா கேக்குற? மூச்சு முட்டுதுடா. மேடைய ஒடை. என் கண்ணு எட்டுற தூரம் மண்ணாக் கெடக்கணும்."

"ஒடச்சிடுறோம் தாயே. அப்பால?"

"எண்ண வேணாம். பாலு வேணாம். அந்தப் பாலைப் பச்சப்புள்ளைக்கு ஊத்து. எனக்கு வெள்ளிக்கு ஒரு செம்புத் தண்ணி போதும். என் ஒடம்புல அடிச்ச ஆணியப் புடுங்கு."

புஷ்பம் அழுதுகொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனந்தகுமார் அத்தோடு விடவில்லை.

"பழம் மூட்டை மூட்டையா கீது. அத இன்னா பண்றது தாயே?"

"தாகத்துக்குத் தானடா காய்ச்சேன், தொங்கவிடவா காய்ச்சேன்? கரைச்சு ஊத்து."

"யார் கையால தாயே?"

பேச்சியம்மாள் தன் நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டார். "இந்தக் கட்டைய ஏன் எடுத்தேன்? இவ கையாலதான்."

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அம்மன் கண்ணை உருட்டி என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கொழாயையும் எறக்கு. காது வலிக்குது" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து நானும் பக்தன்.

சாயங்காலமே கடப்பாரை இறங்கியது. மேடைக்கு அடியில் ஒரு பக்கத்து வேர் கூழாகி நாறியது. பேச்சியம்மாள் அழுகினதை மட்டும் அறுத்தெடுத்து, சாம்பல் தூவி, காய்ந்த மணலைக் கொட்டினார். அதற்கப்புறம் காத்திருப்பதுதான். ஆடி போயிற்று. தினமும் காலையில் நானும் அவரும் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போவோம். எனக்கு அந்த மரத்தின் மேல் அவ்வளவு பிரியம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆவணியில் ஒருநாள் ஜவஹர் முழங்காலை மறந்து மொட்டைமாடியில் நின்று கூப்பிட்டார். கிளை நுனியில் பச்சையாய் ஒரு புள்ளி. ஒரு வாரத்தில் அந்தப் பக்கமெல்லாம் விரல் விரித்த கொழுந்து. பேச்சியம்மாள் மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் வேட்டி வாங்க ஆனந்தகுமாரின் ஆட்டோவில் தி.நகர் போனேன். வேலை முடிந்ததும், பேச்சிக்கா கடைக்குப் போகலாம் சார் என்று அவனே திருப்பினான். கடையில் மறுபடியும் பெருக்கம்பழ சர்பத். பேச்சியம்மாள் இரண்டு கிளாஸ் நீட்டினார். ஆனந்தகுமார் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"யக்கா, அன்னிக்கு மஞ்சத்துணி கட்டுனியே, அந்த முடிச்சு லூசாக் கீது. வேற கட்டிடு" என்றான்.

பேச்சியம்மாள் கையிலிருந்த வடிகட்டி அப்படியே நின்றது. "எந்தத் துணி?" என்றார். பொய் முகம் வரவில்லை.

"மொத சவாரிக்குப் போய்க்கினு இருந்தேன்கா. நீ கட்டுனதப் பாத்தேன். சாரையும் பாத்தேன்."

"தெரிஞ்சா போயி விழுந்து கும்பிட்ட?"

"பொண்டாட்டி உள்ள துடிச்சிக்கினு கீறா. எனக்கு வேற யாரையும் தெரில. ஒன்னியும் இல்லாத எடத்துல நீ துணி கட்டி அத்தக் காப்பாத்துனியே, அது நெனப்பு வந்துச்சு. நானும் போய் நின்னேன். எம்பொண்ணு வந்துட்டா. யாரு கட்டுனா இன்னா?"

பேச்சியம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. வைகாசியிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்குவதை எதிரே நின்று பார்த்தேன்.

"மரம் வாடுறது ஒனக்குத் தெரியலையா? மேடைய நீயே ஒடைக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்கா. ஆட்டோக்காரன் சொன்னா புஷ்பம் கேக்குமா? ஆத்தாவே வந்து சொன்னாத்தான் கேக்கும். அதான் கற்பூரத்த வெச்சிக்கினு, யாருனா ஆடுவாங்களான்னு நின்னுக்கினு இருந்தேன்."

பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கிளாஸை வாங்கி மறுபடியும் நிரப்பினார்.

"முன்னாடியே எங்கிட்டச் சொல்லித் தொலைச்சா என்ன? ரெண்டு மாசம் தூக்கமில்லாமக் கெடந்தேன்" என்றார்.

"நீ மட்டும் சொன்னியாக்கா?" என்றான் ஆனந்தகுமார், கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டே.